லேட் சு. ஞானசேகரன், நியூசிலாந்து

1

என் தங்கை மகள் தமிழரசிக்கு இன்று முதலாம் ஆண்டு மணநாள். வேலைக்குக் கிளம்பும் முன் வாழ்த்து எழுதலாம் என்று முகநூலைத் திறந்தேன். அவளே எனக்கு ஒரு செய்தி அனுப்பி வைத்திருந்தாள்.

"மாமா, அந்த வீடியோவை எடுத்துடுங்களேன்."

முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. 'நல்லா இருக்கீங்களா' கூட இல்லை. மார்கழியில் அடித்த புயலில் குறிஞ்சிப்பாடியில் அவள் மாமியார் வீட்டுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து போனில் சார்ஜ் ஏறியதும் அவள் செய்த முதல் காரியங்களில் இது ஒன்றாக இருக்க வேண்டும்.

எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. என் தங்கை கணவர் கலியமூர்த்தி கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த ஞானசேகரன் சாகவில்லை என்று ஊராருக்கு அறிவிக்கும் வீடியோ. எடுத்தவள் என் மகள் நிலா. ஏற்றியவன் நான். ஓராண்டாக என் பக்கத்தில் இருக்கிறது.

அதை நீக்குவதா, வேண்டாமா? நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எந்த முடிவும் வரும். ஆகவே லேபுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்பதே பெருந்தன்மை என்று கருதும் வாசகர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

2

நான் இருப்பது நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊர். பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று கருவி சொல்லும். அந்தக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று நான் சொல்வேன். பிழை பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே கோடைக்காலத்தில் எங்களுக்கும் ஊருக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம். ஏழரை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் காலை உணவுக்கு உட்காரும்போது சிதம்பரம் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவேன். கீழவீதியில் எந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது, கடலூர் பஸ் எந்தப் பாலத்தில் நிற்கிறது, மஞ்சக்குப்பத்தில் யார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் பெயர் என்னவென்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் கலியமூர்த்திதான். சுனாமி வந்த அன்று நாங்கள் ஊருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனோம். கணினியில் செய்தித்தளங்களைப் பார்த்தால் கடலூர் என்ற பெயர் வருகிறது, அதற்குமேல் விவரம் இல்லை. என் அத்தை வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். அப்போது கலியமூர்த்தி சிதம்பரம் தெற்கு வீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். "எல்லாரும் நல்லாருக்கோம் மச்சான். ஓ.டி. அத்தை வூட்ல தண்ணி வந்துடுச்சு, ஆளுங்க சேஃப். நானே போயி பாத்துட்டு வந்தேன்." கீழே சொந்தக்காரர் ஒவ்வொருவர் பெயரும், பக்கத்தில் ஓகே என்றும் இருந்தது. பைக்கில் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்.

நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்று எனக்கும் என் மனைவி சுமதிக்கும் அந்த மனிதர் தெய்வம்.

3

பிறகு வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது. பிரவுசிங் சென்டரில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. கலியமூர்த்தி அதை ஜெராக்ஸ் கடையாக மாற்றினார். ஆனால் செய்தி சொல்லும் ருசி நாக்கில் ஒட்டிவிட்டது. முகநூலில் 'நாலு வீதிச் செய்திகள்' என்று ஒரு பக்கம் தொடங்கினார். ஊரில் எது நடந்தாலும் முதலில் அவர் போட வேண்டும். இரண்டாவதாகப் போட்டால் அன்று வீட்டில் சாப்பாடு இறங்காது என்று என் தங்கை வளர்மதி சொல்லுவாள். முதலில் போடுகிறவருக்குச் சரிபார்க்க நேரம் ஏது?

தமிழரசி திருமணத்துக்கு முந்தைய ஆண்டு ஒரு நாள், தேவனாம்பட்டினத்தில் கடல் உள்வாங்குவதாகப் படத்துடன் போட்டார். படத்தில் இருந்தது நம் கடலே இல்லை. பின்னால் ஒரு மலை தெரிந்தது. கடலூரில் கடலோரம் ஏது மலை? நான் கீழே எழுதினேன்: "மாப்பிள்ளை, இது சுனாமி சமயத்தில் வந்த பழைய படம். வேறு நாட்டுக் கடல். மலையைக் கவனிக்கவும்."

அதற்குள் முதுநகரில் சிலர் பாத்திரம் பண்டத்தோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். திரும்பிப் போனவர்கள் அவர் பக்கத்தில் வந்து வகையாகத் திட்டினார்கள். ஒருவர், "கலியமூர்த்தி அண்ணே, அப்பிடியே அந்த மலையையும் நம்ம ஊருக்கு ஓட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று எழுத, அதற்கு ஏகப்பட்ட லைக்.

அவர் எனக்குப் பதில் போட்டார்: "மச்சான், அங்க உக்காந்துகிட்டு இங்க கடல் எப்பிடி இருக்குன்னு எங்களுக்குச் சொல்றீங்களா? ரொம்ப நன்றி."

ரொம்ப நன்றி. வடக்கேயும் தெற்கேயும் எப்படியோ, எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன் நன்றி சொன்னால் அது கணக்குத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம்.

4

தமிழரசிக்கு வரன் அமைந்தது. தை மாதம் சிதம்பரத்தில் கல்யாணம். வளர்மதி எனக்கு ஒரே தங்கை, தமிழரசி அவளுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய தங்கத் தகடு, இரண்டு பக்கமும் நூல். அதைக் கட்டுகிற கை தாய்மாமன் கைதான். நான் ஊரை விட்டு வந்த பிறகு அங்கே எனக்கு என்று மிச்சமிருந்த ஒரே உரிமை அது. சுமதி இங்கே ஒரு குஜராத்திக் கடையில் சொல்லி, நான் வரைந்து கொடுத்தபடி பட்டம் செய்து வைத்துவிட்டாள்.

பத்திரிகையில் என் பெயரை எப்படிப் போடுவது என்று கலியமூர்த்தி சாட்டில் கேட்டிருந்தார். நான் லேபில் இருந்ததால் உடனே பார்க்கவில்லை. பார்த்ததும் ஆங்கிலத்தில் தட்டினேன். பதில் தாமதமானதற்கு வருத்தம், அடுத்து பெயர். "சாரி, லேட். சு. ஞானசேகரன், எம்.எஸ்ஸி., நியூசிலாந்து." எல்லாம் ஒரே வரியில்.

அவர் அந்த வரியை அப்படியே எடுத்து, கடலூரில் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறார். எடுக்கும்போது 'சாரி' மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அச்சகத்தில் தட்டச்சு செய்த பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவளிடம் வந்தது 'லேட் சு. ஞானசேகரன்'. தமிழ்நாட்டில் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன் லேட் என்றால் ஒரே பொருள்தான். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் மரியாதையாக ஒரு அடைப்புக்குறியும் சேர்த்து அடித்திருந்தாள்.

5

பத்திரிகை எனக்கு முகநூலில்தான் வந்தது. 'நாலு வீதிச் செய்திகள்' பக்கத்தில் ஸ்கேன் செய்து போட்டு, என்னையும் டேக் செய்திருந்தார். 'அனைவரும் வருக.' பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்மாமன் என்ற வரியில் நான் இறந்திருந்தேன்.

கீழே இரங்கல் தொடங்கியிருந்தது.

"அடக் கடவுளே, எப்போ?"

"அட்டாக்காம். வெளிநாட்டு வேலைல டென்ஷன் ஜாஸ்தி."

"நல்ல மனுசன். கொஞ்சம் குத்தம் கண்டுபுடிப்பாரு. மத்தபடி நல்ல மனுசன்."

என்னோடு பள்ளியில் படித்த ஒருவர், பழைய குரூப் போட்டோவிலிருந்து என் தலையை மட்டும் வெட்டி எடுத்து, மாலையும் குத்துவிளக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். அந்தப் படத்தையும் பலர் லைக் செய்திருந்தார்கள்.

நான் எழுதினேன்: "நான் உயிருடன் இருக்கிறேன். பத்திரிகையில் உள்ளது பிழை. – சு. ஞானசேகரன்."

உடனே ஒருவர் பதில் போட்டார்: "செத்தவர் ஐடியை ஹேக் பண்ணி விளையாடுற நாய் யார்றா? அந்தக் குடும்பம் என்ன வேதனையில இருக்கும்?" அதற்கு மற்றவர்கள், "ரிப்போர்ட் பண்ணுங்க" என்றார்கள். பண்ணவும் செய்தார்கள். என் கணக்கு ஒரு நாள் முடங்கியது.

நிலாவிடம் காட்டினேன். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். எனக்காக அபூர்வமாகத் தமிழில் பேசுவாள். அன்று பேசினாள்.

"அப்பா, லேட்னா லேட்தானே? நீங்க எங்க போனாலும் லேட்தானே? இதுக்கு ஏன் கோபம்?"

"இது அந்த லேட் இல்லம்மா. செத்துப்போயிட்டேன்னு அர்த்தம்."

அவள் மறுபடியும் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். அடங்கவில்லை. அவளே போய்க் கீழே ஆங்கிலத்தில் எழுதினாள், 'எங்கப்பா சாகலை, இப்பதான் தோசை சாப்பிடறார்' என்று. அந்தப் பக்கத்தில் அதிக லைக் வாங்கியது அதுதான். யாரும் நம்பவில்லை. துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

6

கலியமூர்த்திக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, பத்திரிகைய பாத்தேன்."

"எப்பிடி மச்சான் இருக்குது? கலரு தூக்கலா?"

"என் பேருக்கு முன்னால என்ன போட்டிருக்கீங்க?"

"நீங்க அனுப்பிச்சதுதான். ஒரு எழுத்து மாத்தல. மாத்தினா நீங்கதான் திட்டுவீங்களே."

"புரூஃப் பாக்கலியா?"

"ஆயிரம் வேலை மச்சான். வுடுங்க. செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு பெரியவங்க சொல்லுவாங்க."

"அப்ப உங்க பேருக்கு முன்னாடியும் ஒண்ணு போட்டுக்கிறதுதானே?"

"நல்ல காரியத்துல இப்பிடி வாய் வெக்காதீங்க" என்றார்.

"சரி. பத்திரிகைய மாத்த வேணாம். உங்க பக்கத்துல ஒரு வரி போடுங்க. பிழை, மச்சான் நல்லா இருக்காருன்னு."

"போட்டா கல்யாணப் பத்திரிகைலயே தப்பு வுட்டுட்டான்னு என்னை ஓட்டுவானுங்க. நீங்கதான் வரப்போறீங்களே, ஆளப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

அவர் கடைக்குப் போன பிறகு வளர்மதி தனியாகக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, நான் புரூஃபுலயே பாத்துட்டேன். சொன்னேன். 'இருக்கட்டும் வளரு, ஒங்கண்ணனுக்குத் தப்பு கண்டுபுடிக்கிறதுதான் ரொம்பப் புடிக்குமே, கண்டுபுடிக்கட்டும்'னுட்டாரு."

"சொன்னாரா?"

"சொன்னாரு. அது மட்டும் இல்லண்ணே. பட்டம் கட்டறதுக்கு ராஜவேலு அண்ணன கூப்புட்டு வெச்சிருக்காரு. செத்தவர்னு ஊரே படிச்சவரு கையால எப்பிடி கட்டறது, சம்பந்தி வூட்ல சகுனம் பாப்பாங்கன்றாரு. நீ கோவத்துல வராம இருந்துடாத."

ராஜவேலு என் பெரியப்பா மகன். போனை வைத்தபின் நான் சுமதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் இருந்த சின்னப் பெட்டியை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். புறப்பட இன்னும் ஒரு மாதம் இருந்தது.

7

ஒரு மாதத்தைச் சும்மா விடவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் வாரம் ஒரு நாள் ஒரு முதிய பெண்மணி வந்து உட்காருவார். அரசு அங்கீகாரம் பெற்றவர், காகிதங்களுக்குச் சான்றுக் கையெழுத்து போடுவார். நான் வரிசையில் நின்றேன்.

"என்ன சான்று வேண்டும்?"

"நான் உயிரோடு இருக்கிறேன் என்று."

"பென்ஷனுக்கா?"

"இல்லை. என் தங்கை கணவர் நான் இறந்துவிட்டதாக அச்சடித்துவிட்டார்."

"சொத்துத் தகராறா?"

"இல்லை அம்மா. கல்யாணப் பத்திரிகை."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். 'இன்னார் இன்று என் முன் நேரில் வந்தார்' என்று எழுதி முத்திரை குத்தினார். "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று என்னால் எழுத முடியாது. வந்தீர்கள் என்றுதான் எழுத முடியும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஊரில் இப்படி ஒருவர் புரூஃப் பார்த்திருந்தால் இந்த வம்பே இல்லை.

அதை ஸ்கேன் செய்து கலியமூர்த்தியின் பக்கத்தில் போட்டேன். அவர் அதற்கு லைக் போட்டார். பிறகு எழுதினார்: "வெளிநாட்டு சர்டிபிகேட் இங்க செல்லாது மச்சான்." பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

அந்தச் சிரிப்பு முகத்தை நான் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் கருவிக்கு முன் நிற்கும்போதும் அது தெரிந்தது. அவர் எழுதியது என்னைப் பற்றி மட்டுமல்ல. ஊரை விட்டுப் போனவன் எவனாக இருந்தாலும், அவன் இருப்பதற்கு என்ன ஆதாரம் காட்டினாலும், இங்கே செல்லாது. அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். அப்போதுதான் முடிவு செய்தேன், இவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், இவர் ஊரிலேயே, இவர் மைக்கிலேயே.

8

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்தோம். அண்ணாகிராமத்துச் சித்தி வந்து என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். கலியமூர்த்தி ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா! ஆளு வந்துட்டாரு! எமலோகத்துல இமிக்ரேஷன் கிளியர் ஆகல!"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள். ஒரு வருத்தம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நகைச்சுவையைச் சொல்லி, அத்துடன் கணக்கை முடித்துவிட்டார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு நிலாவை ஓரமாக அழைத்துப் போய், "நாளைக்கு மேடைக்கு முன்னாடி நில்லு. நான் பேச ஆரம்பிச்சதும் போன்ல வீடியோ எடு. மாமா மைக்ல சொல்லி முடிக்கிற வரைக்கும் நிறுத்தாத" என்றேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் அதுவரை ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது.

மறுநாள் முகூர்த்த நேரம். பெண்ணை உட்கார வைத்தாயிற்று. ஐயர் குரல் கொடுத்தார்.

"தாய்மாமன் யாரு? பட்டம் கட்ட வாங்கோ."

ராஜவேலு எழுந்தான். "ராஜவேலு, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அவன் நல்லவன், யார் கடைசியாகச் சொன்னார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பான். நான் முதல் வரிசை நாற்காலியில் அப்படியே இருந்தேன்.

"ஐயரே, பத்திரிகையைப் பாருங்க. தாய்மாமன் லேட்டு."

"லேட்டானா என்ன? இப்பத்தான் வந்துட்டேளே, ஏறுங்கோ."

மண்டபம் சிரித்தது.

"அந்த லேட் இல்ல ஐயரே. செத்தவன் மணமேடை ஏறலாமா? உங்க சாஸ்திரத்துல இருக்கா?"

சிரிப்பு நின்றது. கல்யாண மண்டபத்தில் சொல்லக்கூடாத சொல். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கலியமூர்த்தி மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"மச்சான், மொகூர்த்தம் போவுது. சனமெல்லாம் பாக்குது."

"பாக்கட்டும். ஒரு மாசமா என்னைப் பாத்தாங்க."

"கால்ல வேணா வுழறேன்."

"கால் வேணாம். மைக்க எடுங்க."

வளர்மதி மேடையில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கலியமூர்த்தி மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். பத்திரிகையில ஒரு சின்ன அச்சுப்பிழை..."

"அச்சுப்பிழைன்னா அச்சகத்து ஆளுமேல பழி போவும். புரூஃப் பாத்தது யாரு?"

"நான்தான்."

"மைக்ல."

"நான்தான் பாத்தேன்."

"பாக்கும்போது தெரிஞ்சுதா?"

அவருக்கு வேர்த்தது. பட்டுச் சட்டையில் கழுத்துப் பட்டைக்குக் கீழே ஈரம் படர்வது தெரிந்தது.

"தெரிஞ்சுது."

"இப்ப நான் எப்பிடி இருக்கேன்?"

"உயிரோட இருக்காரு."

"யாரு?"

"என் மச்சான் ஞானசேகரன் உயிரோடதான் இருக்காரு!" என்று கத்தினார். மைக் கீச்சென்று வீறிட்டது.

நான் எழுந்து மேடை ஏறிப் பட்டம் கட்டினேன். தாலி நேரத்துக்கு ஏறியது.

9

அன்று மத்தியானமே கடலூரில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து வீடியோவை என் பக்கத்தில் ஏற்றினேன். ஊரே பார்க்கும்படி அமைத்தேன். கலியமூர்த்தி ஒருவருக்கு மட்டும் தெரியாதபடி மறைத்தேன். முகநூலில் அப்படி ஒரு வசதி உண்டு. பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

யோசித்துத்தான் செய்தேன். பார்த்தால் ஒரு தடவை அவமானம், அத்துடன் ஆறிவிடும். பார்க்காவிட்டால், டீக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் யாராவது வந்து, "மாமா, ஒங்க வேர்வை சூப்பரு" என்று சொல்லும்போதெல்லாம் அதில் என்ன இருக்கிறது, எப்படித் தெரிகிறேன் என்று அவரே உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யார் போனிலாவது வாங்கிப் பார்க்கலாம்தான். கேட்க மாட்டார். கேட்டால் பார்க்க ஆசைப்பட்டது தெரிந்துவிடும்.

அவரும் பத்திரிகையின் ஸ்கேனை எடுக்கவில்லை. இன்னும் அவர் பக்கத்தில் நான் லேட்தான். புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்கும் படங்களை அவர்தான் போட்டார். இந்த முறை சரியான படங்கள், சரியான ஊர்ப் பெயர்கள். ஒவ்வொன்றையும் பார்த்தேன். லைக் போடவில்லை.

10

இதுவரை எழுதிவிட்டு, ஊரில் விடியக் காத்திருந்து, தமிழரசிக்குப் போன் செய்தேன்.

"மணநாள் வாழ்த்தும்மா."

"தேங்ஸ் மாமா. மெசேஜ் பாத்தீங்களா?"

"பாத்தேன். உங்கப்பா பத்திரிகைய எடுத்தாரா?"

"அவருகிட்ட நான் கேக்கல. ஒங்ககிட்டதான் கேக்குறேன்."

"ஏன்?"

அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள்.

"இங்க என்னை எப்பிடிக் கூப்புடறாங்க தெரியுமா? 'லேட்டு வூட்டுப் பொண்ணு.' சோறு வடிக்க கொஞ்சம் நேரமானா, 'லேட்டு வூட்டுப் பொண்ணாச்சே, அப்பிடித்தான் இருக்கும்'னு சொல்றாங்க. யாரு வந்தாலும் நாத்தனாரு ஒங்க பக்கத்தத் தொறந்து அந்த வீடியோவப் போட்டுக் காட்டுது. எல்லாரும் எங்கப்பாவுக்கு வேர்க்கிறதப் பாத்து சிரிப்பாங்க. அவுங்களுக்குக் காபி கொண்டாந்து குடுக்கறது நானு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அதுல பின்னாடி ஒக்காந்திருக்கிறது யாரு மாமா? நீங்க பாத்தீங்களா? நான்தான். தலையக் குனிஞ்சிகிட்டு. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அன்னிக்கு எனக்குக் கல்யாணம் நடந்துது."

"பட்டம் நான்தானேம்மா கட்டினேன்?"

"கட்டினீங்க. ஆனா ஆல்பத்துல அது இல்ல. போட்டோக்காரரு அந்த நேரத்துல அப்பாவத்தான் எடுத்துகிட்டு இருந்திருக்காரு. நீங்க கட்டினது ஒரு போட்டோகூட இல்ல மாமா. நானும் தேடிப் பாத்துட்டேன்."

அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வீடியோவைத் திறந்தேன். நிலா நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள். மைக் வீறிடுகிறது, வீடியோ முடிகிறது. நான் மேடை ஏறுவது அதில் இல்லை. நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பின்னால் குனிந்த தலையை இன்றுதான் பார்த்தேன்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. அவர் 'உயிரோடதான் இருக்காரு' என்று கத்தும் இடம் இன்றும் எனக்கு இனித்தது. அந்த இடத்தை மறுபடி ஒரு தடவை ஓடவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீக்கினேன்.

"எடுத்துட்டேன்."

"நெசமாவா?"

"நீயே பாத்துக்க."

பார்த்தாள் போலிருக்கிறது. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஒரு கண்டிஷன் தமிழு. இத உங்கப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"ஏன் மாமா?"

"அது அவருக்கு மட்டும் தெரியாத மாதிரிதான் வெச்சிருந்தேன். எடுத்ததும் அவருக்குத் தெரியப் போறதில்ல. இன்னும் இருக்குன்னே நெனச்சுகிட்டு இருக்கட்டும்."

யாரோ கதவைத் தட்டி அவளைக் கூப்பிட்டார்கள். "வரேன்" என்றாள். பிறகு என்னிடம்,

"எத்தினி நாளைக்கு மாமா?"

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும்."